அப்பா தூக்கினார், நான் தூக்க மாட்டேனா?

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 37. ராசிபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். பதினொரு வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறேன். சம்பளம் 22,000. மனைவி மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள், 12,000 வருகிறது. வாடகை 9,000. ஒரே பெண், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். போன் வந்தபோது நைட் ஷிப்ட் ட்ரிப்பில் இருந்தேன். வண்டியை ஒப்படைத்துவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள்தான் முகம் பார்த்தேன். அம்மா இப்போது தனியாக இருக்கிறார். சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு.

சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஊர்ப்பக்கம் ஒரு வேலை வந்திருக்கிறது. ஹோட்டல்களுக்கு மளிகைச் சாமான் சப்ளை செய்கிற ஏஜென்சி. 14 அடி வண்டி. நாமக்கல், சேலம், கரூர் லைன். காலை நாலு மணிக்கு குடோனில் இருக்க வேண்டும். லோடு ஏற்ற ஆட்கள் இருக்கிறார்கள். இறக்குவது டிரைவரும் ஹெல்ப்பரும். அரிசிச் சிப்பம் 26 கிலோ, சர்க்கரை மூட்டை 50 கிலோ, எண்ணெய் டின் 15 கிலோ. தினம் மூன்று டன் வரை இறக்க வேண்டியிருக்கும். சில ஹோட்டலில் ஸ்டோர் ரூம் மாடியில் இருக்கிறது. சம்பளம் 20,000, பேட்டா தினம் 250.

இரண்டு வருடம் முன்பு எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்ததில் எல்4, எல்5 நடுவில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பிசியோதெரபியில் சரியானது. ஆனால் இப்போதும் ரொம்ப நேரம் ஓட்டினால் இடது கால் மரத்துப் போகிறது.

அப்பா சேகோ ஆலையில் சுமை தூக்கியவர். ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. வலது தோளில் செருப்புத் தோல் மாதிரி காய்ப்பு இருக்கும். அவர் தோளில் போடும் துண்டை அம்மா இன்னும் துவைக்காமல் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்" என்று இரண்டு ஆட்டை விற்று எனக்கு ஹெவி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவரே அறுபது வயது வரை 90 கிலோ தூக்கினார், நான் 26 கிலோ தூக்க மாட்டேனா என்று தோன்றுகிறது. மனைவியோ, "ஊருக்கு வர எனக்கும் ஆசைதான். அதுக்காக முதுகை ஒடச்சுக்கிட்டு அங்க போய்ப் படுக்கணுமா?" என்கிறாள்.

மாதக் கடைசிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகர்

•

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிப்பம் எத்தனை கிலோ, டின் எத்தனை கிலோ என்று கணக்காக எழுதியிருக்கிறீர்கள். மனைவி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் வந்துதான் ஆகவேண்டும் என்கிறாரா, அல்லது பேத்தி படிப்பைக் கெடுக்காதே என்கிறாரா? துண்டைத் துவைக்காமல் வைத்திருப்பவர் அந்த வீட்டை விட்டுச் சென்னைக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அது என் ஊகம்தான். அவர் வாயால் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது. ஊருக்குப் போவது ஒரு கேள்வி, மூட்டை இறக்கும் வேலையில் சேர்வது வேறு கேள்வி. ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்ததால் உங்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் பள்ளி, கல்லூரிப் பேருந்துகள் எத்தனை ஓடுகின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடமாக ஆளை ஏற்றி இறக்கி ஓட்டியவருக்கு அங்கே வேலை கேட்கத் தோன்றவில்லையா? தோன்றியும் சம்பளம் கட்டாது என்று விட்டிருந்தால் சரி, அது நியாயமான கணக்கு. தோன்றவே இல்லை என்றால், ஏன் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் தள்ளிவிடுங்கள். அப்பாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத வலி உங்களுக்குள் அப்படியே இருக்கிறது. ஊருக்குத் திரும்புவது மட்டும் போதாது, கஷ்டப்பட்டுத் திரும்பினால்தான் கடன் தீரும் என்று மனது ஒரு கணக்குப் போடுகிறது. நெருங்கியவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அன்றைக்கு பஸ்ஸில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்?

அப்பா தூக்கினார், நான் தூக்க மாட்டேனா என்கிறீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமைக்கு 55 கிலோவை மேல்வரம்பாகப் பரிந்துரைத்தது. அப்பாவின் 90 கிலோவை அளவுகோலாக வைத்தால் எல்லாமே பஞ்சு மூட்டையாகத்தான் தெரியும். அதே அப்பா உங்கள் தோளில் அது ஏறக்கூடாது என்றுதான் ஆட்டை விற்றார். இதை எழுதியது நீங்கள்தான். எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இனி உடம்பு. நான் மருத்துவர் இல்லை, ஆனால் கூட்டல் கழித்தல் வரும். மூன்று டன்னை இரண்டு பேர் பங்கிட்டால் உங்கள் பங்கு 1,500 கிலோ. எல்லாமே அரிசிச் சிப்பம் என்று வைத்தால்கூட நாளுக்கு 58 முறை. ஹெல்ப்பர் வராத நாளில் அதுவே இரட்டிப்பு. (25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி என்று 2022 ஜூலையில் வந்த பிறகுதான் சிப்பம் 26 கிலோ ஆனது. எங்கள் வீட்டுக்கும் அதுதான் வருகிறது, போட்டுவிட்டுப் போகும் பையன் திட்டிக்கொண்டே போகிறான்.) மணிக்கணக்காக உட்கார்ந்து, வண்டி அதிர்வில் ஆடி வந்த முதுகோடு, இறங்கியதும் குனிந்து எடை தூக்குவது டிஸ்க்குக்கு ஆகாத காரியம். நல்ல முதுகுக்கே அப்படி. உங்களுக்குக் காலும் மரக்கிறது.

பணக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சென்னையில் இரண்டு சம்பளத்தில் வாடகை போக 25,000 நிற்கிறது. ஊரில் மாதம் 26 நாள் ஓட்டினால் பேட்டாவோடு 26,500, வாடகை இல்லை. காகிதத்தில் ஊர்தான் மேல். ஆனால் பேட்டாவில் பாதி வழியில் டிபனுக்கும் டீக்கும் போய்விடும். படுத்துவிட்டால் பேட்டா நின்றுவிடும். மனைவிக்கு அங்கே உடனே வேலை அமையாவிட்டால், நீங்கள் படுக்கும் மாதத்தில் வீட்டுக்கு வருமானமே இருக்காது. அதனால் முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது பிஎஃப், இஎஸ்ஐ உண்டா என்பதை. 10 பேராவது வேலை செய்யும் இடம், சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ பிடிக்க வேண்டும். தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம்.

ஹெல்ப்பர் லீவு போட்டால் மாற்று ஆள் உண்டா, தள்ளுவண்டி தருவார்களா, சாமான் குறைந்தாலோ வசூல் பணம் குறைந்தாலோ யார் கையிலிருந்து போகும் என்பதையும் கேளுங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை முதலாளியிடம் கேட்காதீர்கள், வெளியே விசாரியுங்கள்: இதற்கு முன் அந்த வண்டியை ஓட்டியவர் ஏன் நின்றார்? அவர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றினால், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, வேலையை விடாமல் நான்கு நாள் லீவு மட்டும் போட்டு அந்த வண்டியில் போய்ப் பாருங்கள். முகூர்த்தம் வரும் வாரமாக இருக்கட்டும், லோடு அதிகம் இருக்கும். முதல் நாள் யாரும் வீம்பில் தூக்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் காலை மூன்று மணிக்கு எழுந்து, உட்கார்ந்து சாக்ஸ் மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். அந்த நான்கு நாளில் அம்மாவோடு இரண்டு வேளையாவது சாப்பிடவும் முடியும்.

மாதக் கடைசி என்பது அந்த முதலாளியின் அவசரம். பெண்ணுக்குப் பள்ளி மாற்றுவதானால் எப்படியும் ஜூன் வரை பொறுக்க வேண்டும், அதற்குள் கல்லூரிப் பேருந்துக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். கால் மரப்பு மட்டும் ஜூன் வரை காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரிடம் பழைய ஸ்கேனை எடுத்துக்கொண்டு போங்கள். தினமும் எவ்வளவு எடை, எத்தனை முறை என்று எனக்கு எழுதியது போலவே அவரிடமும் கணக்காகச் சொல்லுங்கள். நடுவில் மரப்பு தொடைக்கு ஏறினாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.