டாலஸ் புறநகர் ஹைஸ்கூல்: ஒரு கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்

டாலஸுக்கு வடக்கே ஒரு அரசு ஹைஸ்கூலில் 14 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் படித்து வெளியே போனவர்கள். எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தாலும் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். விசாவுக்கு வக்கீல் இருக்கிறார், வீட்டு விலைக்கு ஏஜென்ட் இருக்கிறார். கேள்விகளை வந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஜூனில் சென்னையிலிருந்து வருகிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. பிரிஸ்கோ, பிளேனோ, ஆலன், இதில் எந்த ஊர்ப் பள்ளி பெஸ்ட்? ரேட்டிங் பத்துக்குப் பத்து உள்ளதாகச் சொல்லுங்கள்.

முதலில் ஊரையும் பள்ளி மாவட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் எல்லை வேறு. பிளேனோ முகவரி உள்ள சில வீடுகள் பிரிஸ்கோ ஐ.எஸ்.டி.க்குள் (பிரிஸ்கோ பள்ளி மாவட்டத்துக்குள்) இருக்கும், மெக்கின்னியிலும் லிட்டில் எல்மிலும் இதே கதைதான். பள்ளி மாவட்டம் நகராட்சிக்குக் கீழே வராது. தனியாகத் தேர்தல், தனியாகச் சொத்து வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் பெரிய பங்கு பள்ளிக்குத்தான் போகும். வாடகை வீட்டுக்காரருக்கும் அது வாடகையில் சேர்ந்தே வருகிறது.

மூன்றும் மூன்று ரகம். பிரிஸ்கோவின் மக்கள்தொகை 2000 கணக்கெடுப்பில் 33,714, 2020இல் 200,509. அவ்வளவு கூட்டம் வந்தும் ஒரே பள்ளியை ஊதிப் பெருக்காமல், பள்ளிக்குச் சுமார் 2,100 பேர் என்று வைத்துப் புதிது புதிதாகக் கட்டினார்கள். டீமில், பேண்டில், நாடகத்தில் அதிகப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கட்டும் என்பது கணக்கு. அதன் மறுபக்கம், புதுப் பள்ளி திறந்தால் எல்லைக்கோடு நகரும். வீடு அதே இடத்தில்தான் இருக்கும், பள்ளி மட்டும் மாறிவிடும்.

பிளேனோவில் ஒன்பதும் பத்தும் ஒரு கட்டடம், பதினொன்றும் பன்னிரண்டும் வேறு கட்டடம். இந்த சீனியர் ஹைஸ்கூல் மூன்று: பிளேனோ சீனியர், ஈஸ்ட், வெஸ்ட். நம் ஊரில் பத்து முடித்து மேல்நிலைக்கு வேறு பள்ளி போவது போலத்தான். ஆலன் இதற்கு நேரெதிர். பத்து முதல் பன்னிரண்டு வரை ஊருக்கே ஒரு ஹைஸ்கூல். 18,000 பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தைச் சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டி 2012இல் திறந்தார்கள். 2014இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, பழுது பார்த்துத் திரும்பத் திறந்தார்கள். ஊர் முழுக்க ஒரே பள்ளிக்குக் கத்துவது என்ன என்று பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை இரவு அங்கே போய் உட்காருங்கள்.

ரேட்டிங் எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வருவது. அது பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் பற்றி நிறையச் சொல்லும், உங்கள் மகளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். கூச்ச சுபாவம் என்றால் சின்னப் பள்ளி. இருபது விதமான கிளாஸ் வேண்டும், கூட்டம் பயமில்லை என்றால் பெரிய பள்ளி. கிளம்பும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றும் தடுப்பூசி அட்டையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: நல்ல ஸோனில் வீடு வாங்க முடியவில்லை. என் மைத்துனர் முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாமா?

கூடாது. சேர்க்கைப் படிவத்தில் பொய் முகவரி எழுதுவது டெக்சஸில் குற்றம். அதைக் கையெழுத்துப் போடும் தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். பிள்ளை படித்த நாளுக்கெல்லாம் செலவை உங்களிடம் வசூலிக்கவும் முடியும். அதே ஸோனில் அபார்ட்மென்ட் இருக்கும், வாடகைக்கு எடுங்கள். வாடகை ஒப்பந்தம் காட்டினால் போதும், சொந்த வீட்டுக்காரர் பிள்ளைக்கு உள்ள அதே இடம் உங்கள் பிள்ளைக்கும்.

கேள்வி: டிசம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடுகிறது. விடுமுறைக்குப் பத்து நாள் முன்பே கிளம்பினால் பிரச்சினையா டீச்சர்?

வருடம் தவறாமல் வரும் கேள்வி. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், இனி இங்கேயே திருப்பி அனுப்புவேன்.

டெக்சஸ் சட்டப்படி ஒரு கிளாஸ் நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் அந்தக் கிளாஸுக்கு கிரெடிட், அதாவது அதை முடித்ததாகக் கணக்கு. ஒரு செமஸ்டர் என்பது 85 நாள் வாக்கில். அதாவது எட்டு நாள் கையிருப்பு. காய்ச்சல், பாட்டி சாவு எல்லாம் அந்த எட்டுக்குள்தான். “லெட்டர் கொடுத்தோமே, எக்ஸ்க்யூஸ்ட் லீவுதானே” என்பார்கள். இந்தக் கணக்கில் காரணம் சொன்ன லீவும் லீவுதான். 90க்குக் கீழே போனால் பிரின்சிபால் ஒரு திட்டம் போட்டு, சனிக்கிழமை வரவைத்து ஈடுகட்ட விடலாம். 75க்கும் கீழே போனால் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். காரணமில்லாத லீவு ஆறு மாதத்தில் பத்தைத் தொட்டால் விஷயம் கோர்ட் பக்கம் போகும்.

பள்ளிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்காதீர்கள், காசு. மாநிலம் பணம் கொடுப்பது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இல்லை, அன்றாடம் வந்து உட்காரும் எண்ணிக்கையின் சராசரிக்கு. எங்கள் பள்ளியில் காலை இரண்டாம் பீரியடில் ஒரு குறிப்பிட்ட நிமிஷத்தில் தலை எண்ணுகிறோம். அந்த நிமிஷம் என் வகுப்பில் நான்கு நாற்காலி காலி. நால்வரும் ஹைதராபாத்திலோ சென்னையிலோ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, விடுமுறைக்கு முந்தைய வாரம்தான் செமஸ்டர் தேர்வு. கிளம்பும் நாள் பார்ப்பதற்கு முன் பள்ளி காலண்டரைப் பாருங்கள்.

கேள்வி: பெண் “மம்” வேண்டும் என்று அழுகிறாள். முந்நூறு டாலராம். என்ன இது? வாங்கித் தர வேண்டுமா?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். என் பெண்ணும் அழுதாள்.

மம் என்றால் செவ்வந்திப் பூ. ஹோம்கமிங் வாரத்தில் (பழைய மாணவர்களை வரவேற்கும் கால்பந்து ஆட்ட வாரம்) பையன் பெண்ணுக்கு ஒரு செவ்வந்தி குத்திவிடுவது பழைய டெக்சஸ் பழக்கம். அந்தப் பூ துணிப் பூவாகி, தட்டு அளவாகி, பிறகு மூன்று பூவாகி, இப்போது கழுத்தில் மாட்டினால் முழங்கால் வரை ரிப்பன் தொங்குகிறது. அதில் பின்னல், குட்டிக் கரடி பொம்மை, மின்விளக்கு, சின்னச் சின்ன மணிகள். பையன்கள் கையில் ஒரு சின்ன வடிவத்தைக் கட்டிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை காலை காரிடாரில் நின்றால் தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் நிற்பது மாதிரி சலங்கைச் சத்தம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் முப்பது காவடி அசைவது கேட்கும்.

முந்நூறு கொடுக்க வேண்டாம். கைவினைக் கடையில் ரிப்பனும் அட்டையும் பசைத் துப்பாக்கியும் வாங்கி, நாலு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். நவராத்திரிக்கு கொலு வைத்த கைக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. வெள்ளையும் வெள்ளியும் பன்னிரண்டாம் வகுப்புக்கு உரியது என்று பல பள்ளிகளில் வழக்கம். ஒன்பதாவது பெண் அதைப் போட்டுக்கொண்டு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கேள்வி: மகன் மார்ச்சிங் பேண்டில் சேர்கிறான். படிப்பு கெடாதா?

ஆகஸ்ட் வெயிலில் வாகனம் நிறுத்தும் இடத்தில் டியூபா தூக்கி நடந்த பிள்ளைகள் என் வகுப்பில் தூங்குவார்கள், உண்மை. ஆனால் ஹோம்வொர்க் கொடுத்துவிடுவார்கள். பள்ளி நடக்கும் வாரத்தில் கிளாஸ் நேரத்துக்கு வெளியே பயிற்சி எட்டு மணி நேரம்தான் என்று மாநில விதி இருக்கிறது. 1984 முதல் “பாஸ் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை” என்ற சட்டமும் இருக்கிறது: ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் மேடையும் இல்லை, மைதானமும் இல்லை. அம்மா அப்பா சொல்லிக் கேட்காதவன் பேண்ட் டைரக்டர் சொன்னால் கேட்பான். உடற்கல்வி (பி.இ.) கிரெடிட்டும் இதிலேயே கழியும். சேருங்கள். நீங்களும் பூஸ்டர் கிளப்பில் (பேண்டுக்கு உதவும் பெற்றோர் குழு) ஒரு ஷிப்ட் தண்ணீர் பாட்டில் தூக்குங்கள். அடுத்த தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கேள்வி: வகுப்பில் 520 பேர். என் மகள் முதல் 40க்குள் இருக்கிறாள். யூ.டி. ஆஸ்டின் (டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின்) கிடைக்குமா?

520இல் 5 சதவீதம் 26. 2026 சேர்க்கையிலிருந்து ஆஸ்டினில் தானாகக் கிடைக்கும் இடம் முதல் 5 சதவீதத்துக்கு. அதற்கு முன் 6. 40வது ரேங்க் என்றால் விண்ணப்பம் முழுதாகப் படிக்கப்படும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இன்னும் முதல் 10 சதவீதம்தான், அதாவது 52. அவள் அங்கே உள்ளே. இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள்: தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம், கேட்ட பிரிவு இல்லை. கம்ப்யூட்டர் சயன்ஸுக்குத் தனிப் போட்டி.

(பிளேனோ அப்பா ஒருவர்): அதனால்தான் சொல்கிறேன், பதினொன்றில் ஊருக்கு வெளியே கிராமத்து மாவட்டத்துக்கு வீடு மாறிவிட வேண்டும். அங்கே நம் பிள்ளை முதல் ஐந்து சதவீதத்தில் வந்துவிடும்.

(ஆலன் அம்மா ஒருவர்): அப்படியானால் அந்த ஊர்ப் பிள்ளையின் இடம்தானே போகும்? வெட்கமாக இல்லையா?

(பிளேனோ அப்பா): சட்டத்தில் தடை இல்லை. எனக்கு என் பிள்ளை முக்கியம்.

இந்த இருவரும் மூன்று நாள் சண்டை போட்டு, இருபது பேர் நடுவில் புகுந்ததால் வேறு கேள்விகள் நின்றே போயின. என் பங்கையும் போட்டுவிடுகிறேன்.

1996இல் ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்து, சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றானது. மறு வருடமே சட்டமன்றம் முதல் 10 சதவீதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த மூலைப் பள்ளியாக இருந்தாலும் அதன் முதல் வரிசைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கதவு திறக்கும் என்பது நோக்கம். ஒரு லைப்ரரி கூட ஒழுங்காக இல்லாத ஊர்ப் பெண்ணை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. அதனால் ஆலன் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது.

பிளேனோ அப்பாவுக்கு நியாயம் வேண்டாம், கணக்கு போதும் என்றால், கணக்கும் இடிக்கிறது. ஆஸ்டின் பார்ப்பது பதினொன்றாம் வகுப்பு முடிவில் உள்ள ரேங்க். புது மாவட்டம் உங்கள் பழைய கிரெடிட்டுக்கு என்ன எடை போடும் என்பது அவர்கள் விதி. இங்கே எடுத்த ஏ.பி. (கல்லூரித் தரப்) பாடம் அங்கே இல்லாமலே போகலாம். பதினாறு வயதில் தோழிகளைப் பிடுங்கிவிட்டு, தினமும் 60 மைல் நீங்கள் ஆபீஸுக்கு ஓட்டி, அதற்குப் பிறகும் கேட்ட பிரிவு கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

ரேங்க் பைத்தியத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண், ஆறாம் வகுப்பிலிருந்து வயலின். சில மாவட்டங்களில் ஏ.பி.க்கு எடை அதிகம், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு சாதாரண எடை. அதில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சராசரி இறங்கும். வீட்டில் கணக்குப் போட்டு பதினொன்றில் வயலினை நிறுத்தினார்கள். ரேங்க் மூன்று ஏறியது. மதியம் ஆர்க்கெஸ்ட்ரா அறையைத் தாண்டிப் போகும்போது மட்டும் அவள் நடை மெதுவாகும். என் அறை எதிரே இருந்ததால் தினமும் பார்த்தேன்.

இந்தத் தலைப்பு இத்துடன் முடிந்தது. பிளேனோ அப்பா, உங்கள் நான்காவது பதிலையும் படித்தேன், போடவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு எண்பது கல்யாணம், அக்டோபரில் இரண்டு வாரம் ஊருக்குப் போகலாமா?

எட்டு நாள். மேலே பாருங்கள். அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

கேள்வி: எச்-4 விசாவில் உள்ள மகன் கடையில் பார்ட் டைம் வேலை செய்யலாமா?

எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா. சம்பள வேலை கூடாது. மற்றது வக்கீலிடம்.

கேள்வி: பையனுக்கு 89 போட்டிருக்கிறீர்கள்… அதாவது, அவன் டீச்சர் போட்டிருக்கிறார். 90 ஆக்கச் சொல்லி மெயில் அனுப்பலாமா?

யார் என்று தெரிகிறது. வேண்டாம். பையனையே டுட்டோரியல் நேரத்தில் வந்து தவறு எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படி வருகிறவனுக்கு நான் என்ன வேண்டுமானாலும் சொல்லித் தருவேன். இரவு பதினொரு மணிக்கு அப்பா அனுப்பும் மெயிலுக்கு மறுநாள் மதியம் இரண்டு வரி பதில் வரும்.

கேள்வி: ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் படிப்பது ஹைஸ்கூலில் சேருமா?

ஹைஸ்கூல் முடிக்க ஒரே வேற்று மொழியில் இரண்டு கிரெடிட் வேண்டும். பல மாவட்டங்களில் தேர்வு எழுதி அதைப் பெறலாம். தமிழ் ஏற்பார்களா, எந்தத் தேர்வு, எப்போது பதிவு என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேளுங்கள். பன்னிரண்டில் கேட்காதீர்கள். பேசத் தெரிந்தால் போதாது, எழுதவும் வேண்டும். என் மகனுக்கு ற, ர தகராறு கடைசி வரை தீரவில்லை.

கேள்வி: போன் கொண்டுபோகக் கூடாதாமே, அவசரத்துக்கு எப்படிப் பேசுவது?

2025 முதல் மாநிலச் சட்டம், பள்ளி நேரத்தில் போன் பயன்படுத்தக் கூடாது. ஆபீஸுக்குக் கூப்பிடுங்கள். “மதியம் சாப்பிட்டாயா” அவசரம் இல்லை.

கேள்வி: மார்ச்சில் தங்கை கல்யாணம். ஸ்பிரிங் பிரேக்கோடு ஒரு ஐந்து நாள் சேர்த்தால்…

ஜனவரியிலிருந்து எத்தனை லீவு போட்டிருக்கிறாள்? அதைச் சொல்லுங்கள், எட்டில் கழித்துச் சொல்கிறேன்.