போர்வையைப் பார்க்க 350 கிலோமீட்டரா?

கேள்வி: அல்சூரில் வாரம் ஒருமுறை கூடி ஒட்டுத்துணி தைக்கும் நால்வர் நாங்கள். சென்னையில் நடக்கும் கில்ட் கண்காட்சிக்கு அடுத்த சனிக்கிழமை காரில் சென்று, ஞாயிறு மாலை திரும்ப எண்ணியிருக்கிறோம். அங்குள்ள தோழியிடம் காட்டுவதற்காக நாங்கள் தைத்த இரண்டு கில்ட்டுகளையும் எடுத்துச் செல்கிறோம். "போர்வையைப் பார்க்க 350 கிலோமீட்டரா? எல்லாம்தான் கைப்பேசியிலேயே வருகிறதே" என்று என் கணவர் கேலி செய்கிறார். பயணத்தை எப்படி அமைத்துக்கொள்வது? அங்கே எதைப் பார்ப்பது?
– வாசகி ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கணவருக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல்தான் ஒரு போர்வையைக் கில்ட் ஆக்குகிறது. தையல் ஓடிய இடம் பள்ளமாகவும் இடைப்பட்ட இடம் மேடாகவும் நிற்பதால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எழும் நிழலில்தான் அதன் பாதி அழகு இருக்கிறது. கைப்பேசிப் படத்தில் அந்த மேடுபள்ளம் தட்டையாகி, வண்ணங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

ஆகவே முதல் சுற்றில் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள். பிறகு மனத்தில் தங்கிய ஐந்தாறு கில்ட்டுகளிடம் மட்டும் திரும்பி வந்து, துண்டுகளின் கூர்முனைகள் மழுங்காமல் சந்திக்கின்றனவா, விளிம்புப் பட்டியின் மூலை மடிப்பு எப்படி அமைந்திருக்கிறது, தையலின் நீளம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுபோல் இருக்கிறதா என்று அருகிலிருந்து பாருங்கள். ஆனால் இந்த அளவுகோலை எல்லாவற்றின் மீதும் வைத்துவிடாதீர்கள். நீங்கள் வாழும் கர்நாடகத்திலேயே, உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு தைக்கும் கவந்தியில் அளவெடுத்து வெட்டிய கட்டங்கள் இருப்பதில்லை. விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே வந்து, துண்டுகளைப் போகிற போக்கில் இணைக்கிறார்கள். மூலைகளில் மடித்த முக்கோணத் துணிகளை வைக்கிறார்கள். அத்தகைய ஒன்று அங்கே தொங்கினால், கோணல் என்று கடந்துவிடாமல், அந்தக் கோணல்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தும் தையல் வரிசையைப் பாருங்கள். வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியர்களின் கோதடி எல்லாமே பழந்துணியிலிருந்து பிறந்தவைதான்.

உங்கள் கில்ட்டுகளை மடிக்காதீர்கள். ஒரே மடிப்பில் நெடுநேரம் கிடந்தால் அந்தக் கோட்டில் நூல் நலியும். துணிக்கடையில் கேட்டால் கிடைக்கும் அட்டைக் குழலில், மேற்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, துவைத்த பருத்தி விரிப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். நெகிழிப் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். புளியோதரைப் பாத்திரம் அந்தப் பக்கமே வரக்கூடாது!

வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடிவதற்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் ஓசூர் சாலை நெரிசல் தொடாது. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்று மதியம் சென்னையில் சாப்பிடலாம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். போகும்போது காஞ்சிபுரத்துக்குள் திரும்பினால் பட்டுக் கடையிலேயே நாள் முடிந்துவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஞாயிறு கதவு திறந்ததும் உள்ளே நுழைந்து நிதானமாகப் பாருங்கள்.

துணி வாங்குவதையும் ஞாயிற்றுக்கே தள்ளிவையுங்கள். அரங்க விளக்கொளி நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால், வீட்டில் பாதியில் நிற்கும் வேலையின் துணுக்குகளைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கலம்காரி, அவுரி போன்ற சாயத் துணிகளை வாங்கினால், வெட்டுவதற்கு முன் தனியாக அலசிச் சாயத்தையும் சுருக்கத்தையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் கில்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாமா?
– வாசகி ஒருவர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: நீங்களாகத் தொடக்கூடாது, கையின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் துணியில் கறையாகும். பல கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை அணிந்த தன்னார்வலர்கள் நிற்பார்கள். கேட்டால் அவர்களே விளிம்பைத் தூக்கிக் காட்டுவார்கள். தயங்காமல் கேளுங்கள், தைத்தவர் முடிச்சுகளை எங்கே ஒளித்திருக்கிறார் என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.