டென்மார்க் செய்த குற்றம் என்ன?

கேள்வி: மறுபடியும் ஆட்சிக்கு வந்த டிரம்ப், எதிரிகளை விட்டுவிட்டு நட்பு நாடுகளையே வம்புக்கு இழுக்கிறார். கனடாவை 51-வது மாநிலம் ஆக்க வேண்டும் என்கிறார். டென்மார்க்கிடம் கிரீன்லாந்தைக் கேட்கிறார். நமக்கோ 2025-ல் 50 சதவீத வரி போட்டார். பைடன் இருந்தவரை அமெரிக்கா கூட்டாளிகளை மதித்தது. இந்த ஒரு மனிதர் போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், இல்லையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஆகாது. பைடன் காலத்தைப் பற்றி நீங்கள் சொல்வதும் பாதிதான் சரி.

முதலில் கிரீன்லாந்து. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது கரீபியன் கடலில் டென்மார்க்குக்குச் சொந்தமாக இருந்த தீவுகளை அமெரிக்கா 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து வாங்கியது. இன்று அமெரிக்க வர்ஜின் தீவுகள் என்று வரைபடத்தில் இருப்பவை அவைதான். அந்த வியாபாரம் படிய டென்மார்க் ஒரு நிபந்தனை வைத்தது. கிரீன்லாந்து முழுவதும் டென்மார்க்கின் கையில் இருப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் 1916-ல் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

முப்பது வருடம் கழித்து, 1946-ல், அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அரசு அதே கிரீன்லாந்தை 10 கோடி டாலர் தங்கத்துக்கு விலை பேசியது. ஓசையில்லாமல், மூடிய அறைக்குள். டென்மார்க் மறுத்தது. ஆனால் 1951-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு, அங்கே ராணுவத் தளங்கள் வைத்துக்கொள்ள அமெரிக்காவை அனுமதித்தது. துலே என்ற இடத்தில் பெரிய விமானத் தளம் எழுந்தது. தளத்தை விரிவாக்க 1953-ல் அங்கிருந்த பூர்வகுடிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1968-ல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு ஓர் அமெரிக்க பி-52 விமானம் அந்தத் தளத்துக்கு அருகே பனிக்கட்டி மீது விழுந்து நொறுங்கியது. தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்பது டென்மார்க்கின் அறிவிக்கப்பட்ட கொள்கை! அதையும் அந்த நாடு விழுங்கிக்கொண்டது.

மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் ஐந்தாவது பிரிவு, உறுப்பு நாடு ஒன்றின் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழுந்த அடி என்கிறது. அது இதுவரை ஒரே ஒரு தடவைதான் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. 2001 செப்டம்பரில், நியூயார்க் தாக்கப்பட்ட மறுநாள், அமெரிக்காவுக்காக. அதை நம்பி ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பிய டென்மார்க் அங்கே 40-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது. மொத்த மக்கள்தொகையே 60 லட்சத்தை ஒட்டித்தான். 2003-ல் பிரான்சும் ஜெர்மனியும் இராக் போரை எதிர்த்தபோதுகூட டென்மார்க் அமெரிக்காவோடு போனது.

இப்படிப்பட்ட கூட்டாளிக்குக் கிடைத்தது என்ன? பதவியேற்பதற்கு முன்பே, 2025 ஜனவரி 7 அன்று, கிரீன்லாந்துக்காக ராணுவத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர டிரம்ப் மறுத்தார். மார்ச் மாதம் துணை அதிபர் வான்ஸ் அதே துலே தளத்துக்கு (இப்போது பிட்டுஃபிக் என்று பெயர்) போய் நின்றுகொண்டு, கிரீன்லாந்து மக்களை டென்மார்க் சரியாகக் கவனிக்கவில்லை என்று குறை படித்தார். ராணுவத் தேவை என்ற வாதமும் நிற்கவில்லை. கூடுதல் தளம் வேண்டும், கூடுதல் ரேடார் வேண்டும் என்றால் 1951 ஒப்பந்தத்தின்படி கேட்டாலே கிடைத்துவிடும். கேட்டால் கிடைப்பதை எனக்கே எழுதி வை என்பவருக்கு வேறு கணக்கு இருக்கிறது. டிரம்பின் தொழில் ரியல் எஸ்டேட் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி நீங்கள் புகழும் பைடன். ‘அமெரிக்கா திரும்பி வந்துவிட்டது’ என்று பதவியேற்ற கையோடு முழங்கியவர் அவர். அதே 2021 செப்டம்பரில் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கிகள் கொடுக்கும் ‘ஆக்கஸ்’ உடன்பாட்டை அறிவித்தார். பிரான்சிடம் 12 நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்கப் போட்டிருந்த ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா தூக்கி எறிந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய நட்பு நாடான பிரான்ஸ், சரித்திரத்திலேயே முதல் முறையாக வாஷிங்டனில் இருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. டிரம்பின் முதல் நான்கு வருடத்தில்கூட இது நடக்கவில்லை.

1956 சூயஸ் விவகாரம் இன்னும் காரமானது. சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் பாய்ந்த பிரிட்டனையும் பிரான்சையும் எதிர்த்து ஐசன்ஹோவரின் அமெரிக்கா ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தது. சோவியத் யூனியன் அதற்கு ஆதரவாக வாக்களித்தது! பவுண்டு சரிந்தபோது கை கொடுக்க மறுத்தே பிரிட்டனைப் பணிய வைத்தார்கள். பிரதமர் ஈடன் அடுத்த ஜனவரியில் பதவி விலகினார். அடிபட்ட இரண்டு நாடுகளும் இரண்டு விதமான முடிவுக்கு வந்தன. இனி அமெரிக்காவை மீறக் கூடாது என்பது பிரிட்டனின் முடிவு. இன்றும் அதன் நீர்மூழ்கிகளில் இருப்பவை அமெரிக்க ஏவுகணைகள். அமெரிக்காவை நம்பக் கூடாது என்பது பிரான்சின் முடிவு. 1960-ல் சொந்த அணுகுண்டை வெடித்தது. 1966-ல் பிரான்ஸ் அதிபர் த கோல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலகி, அதன் தலைமையகத்தையும் பாரிசைவிட்டுக் கிளப்பினார். கிறுக்குப் பிடித்த கிழவர் என்று அன்று அவரைக் கேலி செய்தார்கள். இன்று ஜெர்மனியின் மெர்ஸ், 2025 பிப்ரவரியில் தேர்தலில் வென்ற இரவே, ஐரோப்பா அமெரிக்காவிடமிருந்து படிப்படியாகச் சுதந்திரம் பெற வேண்டும் என்கிறார்.

அப்படியானால் டிரம்பிடம் புதிதாக ஒன்றும் இல்லையா? உண்டு. முன்னவர்கள் அடித்தார்கள், அப்புறம் மருந்தும் போட்டார்கள். சூயஸ் முடிந்த சில மாதங்களில் ஐசன்ஹோவர் பெர்முடாவில் புதிய பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனோடு உட்கார்ந்து சமாதானம் பேசினார். பைடன் ரோமில் பிரான்ஸ் அதிபர் மேக்ரானைப் பார்த்து, விஷயத்தை நயமில்லாமல் கையாண்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். மாஸ்கோவையோ பீஜிங்கையோ சமாளிக்கக் கூட்டாளிகள் வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. டிரம்புக்கு அது இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போருக்காக ரஷ்யாவைக் கண்டிக்கும் ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து, ரஷ்யாவோடும் வடகொரியாவோடும் சேர்ந்து அமெரிக்கா வாக்களித்தது. சூயஸில் படையெடுத்தவர்களுக்கு எதிராகப் போட்ட ஓட்டு, இங்கே படையெடுத்தவருக்குச் சாதகமாகப் போயிற்று. நான்கு நாள் கழித்து உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கு வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன்னால் விழுந்த திட்டை எல்லோரும் பார்த்தோம்.

ஒரு விஷயத்தில் டிரம்ப் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் பல வருடம் அமெரிக்கச் செலவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். இது நெடுநாள் தாங்காது என்று ஒபாமாவின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2011-லேயே பிரஸ்ஸல்ஸில் சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை. டிரம்ப் மிரட்டினார். 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035-க்குள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கணக்கை அடுத்து வரும் அதிபர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் திருப்பித் தரப்போவதில்லை.

மிரட்டல் திருப்பி அடித்த இடமும் உண்டு. அமெரிக்காவை ஒட்டி வாழ்வது யானையோடு ஒரே படுக்கையில் தூங்குவது போன்றது, அது லேசாகப் புரண்டாலும் நமக்குத் தெரியும் என்று 1969-ல் வாஷிங்டனிலேயே சொன்னவர் கனடா பிரதமர் பியர் ட்ரூடோ. அவர் மகன், பிரதமர் ஜஸ்டினைத்தான் டிரம்ப் ‘கவர்னர்’ (அமெரிக்க மாநிலம் ஒன்றின் தலைவர்) என்று கிண்டல் செய்தார். விளைவு, தோற்றுப்போவார்கள் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த லிபரல் கட்சி 2025 ஏப்ரலில் மார்க் கார்னி தலைமையில் ஜெயித்தது.

டென்மார்க் மட்டும் என்ன செய்தது என்கிறீர்களா? 2025 ஜூன் மாதம் அதன் நாடாளுமன்றம், அமெரிக்கப் படைகள் டென்மார்க் மண்ணிலேயே தங்க அனுமதிக்கும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. செப்டம்பரில், வான் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணையை ஒதுக்கிவிட்டு பிரான்சும் இத்தாலியும் தயாரிக்கும் ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தது. நம்பவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை.

கடைசியாக நம் வரி. இந்தியா அமெரிக்காவின் ஒப்பந்தக் கூட்டாளியே அல்ல. நேரு காலம் தொட்டு வேண்டுமென்றே அப்படி இருந்தோம். 1971 வங்கதேசப் போரில் நம்மை மிரட்ட அமெரிக்க அதிபர் நிக்சன் வங்கக் கடலுக்கு ‘என்டர்பிரைஸ்’ போர்க்கப்பலை அனுப்பியபோது அது சரி என்றும் தெரிந்தது. பிறகு நமக்கு ஒரு நினைப்பு வந்தது, 2019-ல் ஹூஸ்டனிலும் 2020-ல் அகமதாபாத்திலும் டிரம்புக்காக மைதானம் நிறையக் கைதட்டினால் அதுவே வெளியுறவுக் கொள்கை என்று. 2025 ஜூனில் பாகிஸ்தான் ராணுவத் தலைவர் முனீருக்கு வெள்ளை மாளிகையில் விருந்து. ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்கிய குற்றத்துக்காக நமக்கு 25 சதவீத அபராதம், ஏற்கெனவே இருந்த 25-க்கு மேல். உங்கள் ஊர் பனியனும் டி-ஷர்ட்டும் அதில்தான் மாட்டின. ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் போடவில்லை. ஏப்ரலில் சீனா, மோட்டார் முதல் ஏவுகணை வரை தேவைப்படும் அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. மே மாதமே ஜெனீவாவில் அமெரிக்கா உட்கார்ந்து, அதன் மேல் புதிதாகப் போட்ட 145 சதவீத வரியை 30-ஆகக் குறைத்துக்கொண்டது. பீஜிங்கில் யாரும் டிரம்புக்காக மைதானம் நிரப்பியதாக நினைவில்லை.