எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருந்தால் மாநகராட்சி நோட்டீஸ் செல்லாதா?

கேள்வி: மும்பை தாராவியில் 18 வருடமாக இட்லி அவித்து சைக்கிள் வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பொறாமையில் புகார் கொடுக்க, மாநகராட்சியின் ஜி நார்த் வார்டிலிருந்து, லைசென்ஸ் இல்லாமல் தொழில் நடத்துவது பற்றிய 394-வது பிரிவில் நோட்டீஸ் வந்துவிட்டது. வந்த அதிகாரி மரியாதையில்லாமல் பேசினார். மத்தியச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போடலாமா?

பதில்: பொறாமை, மரியாதைக் குறைவு, 18 வருடம் எதுவும் கோர்ட்டில் எடுபடாது. நோட்டீஸில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-வது பிரிவு மற்ற சட்டங்களை மீறி நிற்கும், ஆனால் முரண்படும் அளவுக்கு மட்டுமே. மாவின் தரம், கலப்படம் என்று எழுதியிருந்தால் அது மாநில எஃப்டிஏ (உணவு, மருந்து நிர்வாகம்) பார்க்க வேண்டியது. உங்கள் தரப்பு பலமானது. சாக்கடை, அடுப்புப் புகை, கிரைண்டர் சத்தம், சிலிண்டர் என்றால் அது இடத்தைப் பற்றிய பேச்சு. அங்கே முரண்பாடே இல்லை. 394-வது பிரிவு கேட்கும் 1888 மாநகராட்சிச் சட்ட லைசென்சும் வேண்டும்.

2014 ஹூக்கா தீர்ப்பை எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மத்தியப் புகையிலைச் சட்டம் அனுமதித்ததை லைசென்ஸ் நிபந்தனை போட்டு மாநகராட்சி தடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். லைசென்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-இல் மகாராஷ்டிர அரசு அந்தப் புகையிலைச் சட்டத்தையே மாநில அளவில் திருத்தி ஹூக்கா பார்லர்களுக்குத் தடை போட்டுவிட்டது.

உண்மையான ஆபத்து நீங்கள் எழுதப்போகும் பதில் கடிதம். “எஃப்எஸ்எஸ்ஏஐ இருக்கிறது, 394 பொருந்தாது” என்று கோபத்தில் எழுதினால், லைசென்ஸ் இல்லாமல் தொழில் நடத்துவதை நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிறீர்கள். அடுத்து அந்தப் பதிவையே கேட்பார்கள். விலாசம் குடியிருக்கும் வீடாக இருக்கும், மாவு அரைப்பது பக்கத்து அறையாக இருக்கும். ‘சில்லறை விற்பனை’ என்று பதிந்திருக்கும், நடப்பது தயாரிப்பு. காலாவதியும் ஆகியிருக்கலாம். பலர் மாட்டுவது இங்கேதான்: மாநகராட்சியை மடக்க நீட்டிய காகிதமே எஃப்டிஏவை வாசலுக்குக் கூட்டி வரும். கடை முன்னால் தகரச் சார்ப்பு இழுத்திருந்தால் அனுமதியில்லாக் கட்டுமானம் என்று 351-வது பிரிவில் தனி நோட்டீஸ் வரும். அதற்கு 89 துணைக்கு வராது.

வழக்கு வேண்டாம். முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விலாசத்தையும் தொழில் வகையையும் திருத்துங்கள். சார்ப்பை எடுங்கள், சாக்கடைக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் வையுங்கள், வேலையாட்களுக்கு மருத்துவச் சான்று வாங்குங்கள். பிறகு மாநகராட்சி லைசென்சுக்கு விண்ணப்பித்து, கெடுவுக்குள், எதையும் மறுக்காமல், ஒப்புக்கொள்ளாமல், “லைசென்சுக்கு விண்ணப்பித்துள்ளேன்” என்று ரசீது நகலோடு இரண்டே வரியில் பதில் கொடுத்து, உள்வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உணவின் தரத்தைக் காரணம் காட்டி லைசென்ஸ் மறுத்தால் மட்டும், அந்த மறுப்பு உத்தரவோடு உயர் நீதிமன்றம் போகலாம்.