எந்தச் சேலத்தின் கணக்கு?

கேள்வி: சேலத்தின் மக்கள்தொகை 8 லட்சம் என்கிறார்கள், 9 லட்சம் என்கிறார்கள், 34 லட்சம் என்றும் சொல்கிறார்கள். புறநகரின் வளர்ச்சியை அறிய எதை எடுத்துக்கொள்வது?
- வாசகர், ஓமலூர்

பதில்: மூன்றும் சரிதான், எல்லைதான் வேறு வேறு. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் 8,29,267 பேர். அதையொட்டி நகரமாகவே மாறிவிட்ட ஊர்களையும் சேர்த்தால் சுமார் 9.17 லட்சம். ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி எல்லாம் அடங்கிய மாவட்டத்தில் 34,82,056.

பழைய எண்ணோடு ஒப்பிடும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நகரத்துக்கு 1991-ல் 3.67 லட்சம், 2001-ல் 6,96,760. பத்தே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனால் அத்தனை பேரும் புதிதாகக் குடிவந்தவர்கள் இல்லை. 1994-ல் மாநகராட்சி ஆனபோது சூரமங்கலம், ஜாரி கொண்டலாம்பட்டி போன்ற பக்கத்து ஊர்கள் உள்ளே வந்தன. மாவட்டக் கணக்கில் இதற்கு நேர்மாறு: 1997-ல் நாமக்கல் பிரிந்ததால், பிரிக்காத மாவட்டத்தின் 1991 எண்ணை வைத்துப் பார்த்தால் மக்கள் குறைந்துவிட்டதுபோலத் தெரியும். 2001-லிருந்து 2011 வரை பார்த்தால் மாநகராட்சி 19 சதவீதம், மாவட்டம் 15.4 சதவீதம் வளர்ந்திருக்கின்றன.

உங்கள் ஊருக்கு, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஊர்வாரிப் பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பது வருவாய்க் கிராமம் (நிலப் பதிவுக்கான எல்லை), ஊராட்சி அல்ல. 2001, 2011 இரண்டிலும் பரப்பு ஒன்றுதானா என்று முதலில் சரிபாருங்கள். மாறியிருந்தால் சதவீதம் போடவே வேண்டாம். பரப்பு ஹெக்டேரில் இருக்கும், 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். 800 ஹெக்டேரில் 6,200 பேர் என்றால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 775. மாநகராட்சியில் 2011-லேயே இது 9,000-ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி: ஊர் ஏன் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவவில்லை?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: வடகிழக்கே சேர்வராயன், வடக்கே நாகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் கிண்ணம்போல் கிடக்கிறது சேலம். மலைகளுக்கு இடையே ஓமலூர், சங்ககிரி, நாமக்கல், ஆத்தூர் சாலைகள் போகும் இடைவெளிகளில்தான் வீடுகள் நீள்கின்றன. வடமேற்கில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களும் நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. மலையில் கொட்டும் மழை விறுவிறுவென இறங்கித் திருமணிமுத்தாற்றைத் தேடி ஓடும். வழியில் ஓடையை அடைத்து மனை போட்டிருந்தால் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும். அதனால் பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) ஓடைக்கோடு மனையைத் தொடுகிறதா, பக்கத்துப் புல எண் அ-பதிவேட்டில் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்ப் பதிவேடு) ஓடைப் புறம்போக்காக, அதாவது ஓடைக்கான அரசு நிலமாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கோடையில் போய் நின்றால் ஓடை இருந்த சுவடே தெரியாது.

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சிதான். கணக்கெடுப்பில் நகரம் என்று வருமா?
- வாசகர், அயோத்தியாப்பட்டணம் அருகே

பதில்: வரலாம். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்பவர்கள்) குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது, இம்மூன்றும் இருந்தால் கணக்கெடுப்பு அதை நகரமாக எழுதும். ஊராட்சி ஊராட்சியாகவே நீடிக்கும். வரியும் நிர்வாகமும் இதனால் மாறாது.