ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் படிக்கும்போது முகப்பருவைக் கிள்ளத் தொடங்கினேன். இப்போது வேலைக்குப் போகிறேன். பரு இல்லாத இடத்திலும் கிள்ளுகிறேன், பொருக்கு கட்டியதும் பிய்த்துவிடுகிறேன். கண்ணாடி முன் நின்றால் நேரம் போவதே தெரிவதில்லை. அம்மா தினமும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அழுகிறார். சில மாதங்களாக, மனம் தாங்காத நாட்களில் வேண்டுமென்றே என்னைக் காயப்படுத்திக்கொள்ளவும் செய்கிறேன். தோல் மருத்துவரிடம் பூச்சிக்கடி என்று சொல்லிவிட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்க ஆசைதான். காயம் கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். இது ஒரு நோயா? என்னவென்று போய்ச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆற ஆரம்பித்ததும் பொருக்கின் ஓரம் விரலில் நெருடும். அப்புறம் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இப்போது இருக்கிற கையோடு போங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நிறுத்த முடியாமல் தோலைக் கிள்ளுவது நோய்தான். எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 1875இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், ஓ.சி.டி.யை (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) சேர்ந்த நோய்களுள் ஒன்றாக இது தனி இடம் பெற்றது. விட வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்றும் விட முடியாமல் போவது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அதனால், மன உறுதி இல்லாதவள் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு துன்பங்கள் இருக்கின்றன. தோலைக் கிள்ளுகிறவர் பெரும்பாலும் வலியைத் தேடிச் செய்வதில்லை. படிக்கும்போதோ போன் பார்க்கும்போதோ கை தானாகப் போகிறது. அல்லது ஒரு சின்னச் சொரசொரப்பைச் சரிசெய்யப்போய் நிறுத்த முடியாமல் ஆகிறது. வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது வேறு. தாங்க முடியாத மனவேதனையைச் சற்று நேரம் தணிக்கும் வழியாக அது வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல.

கிள்ளும் பழக்கத்துக்கு, அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி இன்றும் கைகொடுக்கிறது. கை எப்போது, எந்த இடத்தில் தோலுக்குப் போகிறது என்று முதலில் கவனிக்கப் பழக்குவார்கள். போகும் அந்தக் கணத்தில் விரல்களை மடக்கி, உந்துதல் தணியும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டுவது, கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பது போன்ற சிறு ஏற்பாடுகளும் இதோடு சேரும். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வதற்கோ, அதன் அடியில் இருக்கும் வேதனையைப் பேசியாக வேண்டும். அதை மறைத்தால் மருத்துவர் பாதி நோயைத்தான் பார்ப்பார்.

வாய் வராது என்று பயந்தால் தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள்: "பல ஆண்டுகளாகத் தோலைக் கிள்ளுகிறேன், நிறுத்த முடியவில்லை. சில மாதங்களாக என்னை நானே காயப்படுத்திக்கொள்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது." இவ்வளவு போதும். சாக எண்ணம் வருகிறதா என்று அவர் கேட்பார். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கும் கேள்வி அல்ல அது, உள்ளதைச் சொல்லுங்கள். ஒருவேளை அவர் அலட்சியமாகப் பேசினால் வேறொருவரிடம் போங்கள், சிகிச்சையே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். தோல் மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். காயம் சிவந்து சூடாகி, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டலாம். அவர் பயத்தில்தான் அழுகிறார். தினமும் கையைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் உங்களோடு வரச் சொல்லுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போது வந்தாலும், மருத்துவர் தந்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அம்மாவை எழுப்புங்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவரோடு நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.