பேரை வாவியின் பச்சை

அன்பின் அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன வருஷம் பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்று வாங்கினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை விடியக் கொழும்பு நகரின் நடுவே கிடக்கும் பேரை வாவிக்குப் போயும் ஒரு படம் சரிவரவில்லை. தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது மாதிரி விழுகிறது. யூடியூப்பில் சொன்னார்கள் என்று போலரைசர் ஃபில்டர் வாங்கிப் போட்டேன். இன்னும் பச்சையாகிவிட்டது! தாமரைக் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் எழும்புவதை எடுக்க, வாவியில் இருக்கிற சீமா மாலகம் விகாரைப் பக்கம் காத்திருந்தேன். சூரியன் வேறெங்கோ வந்தது. பேசாமல் நுவரெலியா போய் கிரகரி வாவியைப் பனிமூட்டத்தோடு எடுக்கவா? இல்லை, படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் தண்ணீரை நீலமாக்கிவிடவா? அது பொய்யா?

ஒரு வாசகன், வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

முதலில் அந்த ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். போலரைசரின் வேலையே தண்ணீரின் மேல் மின்னும் பிரதிபலிப்பை வெட்டுவதுதான். தெளிந்த ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லைக் காட்ட அருமையான சாமான். பேரை வாவியில் மேல் மினுக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பாசி. காசு கொடுத்துப் பாசியை வாங்கியிருக்கிறீர்கள்.

கமராவைக் கண் உயரத்தில் பிடித்து, கரைக் கம்பிக்கு மேலால் குனிந்து எடுக்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். மேலிருந்து கீழே பார்த்தால் தண்ணீருக்கு உள்ளே பார்க்கிறோம். தாழ இருந்து சாய்வாகப் பார்த்தால் அதே தண்ணீர் வானத்தைக் காட்டும். ட்ரைபொட் கால்களை விரித்து முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். பச்சையில் பாதி அதிலேயே போய்விடும்.

மற்றப் பாதி நேரத்தைப் பொறுத்தது. எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ‘விடிய’ என்றால் வெள்ளவத்தையில் ஆறே முக்கால் என்பது எனக்குத் தெரியும், நானும் அங்கே பதினொரு வருஷம் இருந்தவன். கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகை அளவில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் சரிந்து சரிந்து ஏறாது, நெட்டுக்குத்தாக ஏறிவிடும். வானம் கருநீலமாக வெளுக்கத் தொடங்கிச் சூரியன் தலைகாட்டும் வரை இருபது, இருபத்தைந்து நிமிஷம். அதற்குப் பிறகு பொன்வெளிச்சம் இன்னொரு அரை மணித்தியாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வடக்கு ஐரோப்பாக்காரர்கள் யூடியூப்பில் சாவகாசமாக லென்ஸ் மாற்றிக்கொண்டு பேசுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவர்களுக்குச் சூரியன் அவ்வளவு மெல்லத்தான் ஏறும்.

மே மாதக் கடைசியில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். பெப்ரவரி தொடக்கத்தில் ஆறரைக்குக் கிட்ட ஆகும். அதிலிருந்து முக்கால் மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு இடத்தில் நில்லுங்கள். கொம்பனித்தெருவில் சுபஹ் பாங்கு முடிந்து, தெருவிளக்குகள் இன்னும் அணையாமல் இருக்கிற அந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சமும் வானத்து வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும். கமராவால் இரண்டையும் ஒன்றாகத் தாங்க முடிவது அப்போதுதான். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வைட் பேலன்ஸைக் கமராவின் ஓட்டோவில் விடாமல் 4000 கெல்வினுக்குக் கிட்ட வையுங்கள். பெரும்பாலும் காற்றும் அந்நேரம் அடங்கிக் கிடக்கும். கடற்காற்று எழும்பிவிட்டால் வாவி முழுக்கச் சுருக்கம்தான்.

இனிக் கோபுரம். சீமா மாலகம் பக்கம் நின்றால் தாமரைக் கோபுரம் உங்களுக்கு வடக்கே, சற்றே கிழக்குச் சாய்வாக இருக்கிறது. சூரியனோ வருஷம் முழுவதும் நேர்கிழக்கிலிருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ 23 பாகைக்குள்தான் ஊசலாடும். அங்கே நூறு வருஷம் நின்றாலும் அது கோபுரத்துக்குப் பின்னால் வராது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும், அது கெட்ட படம் இல்லை. பின்னால்தான் வேண்டுமென்றால் கோபுரத்துக்கு மேற்கே ஓரிடம் பிடியுங்கள். 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் கோட்டைப் பக்கத்திலிருந்தும் தெரியும்.

இந்தக் கோபுரத்தால் நானும் பட்டிருக்கிறேன். 2022 செப்டெம்பரில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்த சில நாட்களில், அலாரம் வைத்து, நாலரைக்கு எழும்பி, ஓட்டோ பிடித்துப் போனேன். இரவு முழுக்க ஏசி அறையில் கிடந்த கமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. துடைத்தேன், மறுபடி வெளுத்தது. அது தெளிவதற்குள் சூரியன் ஏறிவிட, பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து கமராப் பை ஹோலில்தான் தூங்குகிறது.

நுவரெலியாவுக்குப் போக ஆசையென்றால் போங்கள். 1,868 மீற்றர் உயரம், இரவில் காற்று தண்ணீரைவிட நன்றாகக் குளிர்ந்துவிடும், அதனால் தண்ணீருக்கு மேல் புகை எழும்பும். கொழும்பில் அப்படிக் குளிர்வது அபூர்வம். ஆனால் அது இயற்கை, இது நகரத்துக் குட்டை என்ற எண்ணத்தில் போகிறீர்களென்றால் அங்கேதான் எனக்குப் பிரச்சினை. கிரகரி வாவி 1873இல் ஓர் ஆளுநர் கட்டுவித்தது. கண்டி வாவி 1807இல் ஓர் அரசன் கட்டுவித்தது. பேரை வாவி போர்த்துக்கேயர் தங்கள் கோட்டையின் காவலுக்காக உண்டாக்கியது, பிறகு ஒல்லாந்தரும் கைவைத்தார்கள். மூன்றும் மனிதன் செய்த தண்ணீர்தான். வயதில் மூத்தது நம்முடையது.

நீலமாக்கும் விஷயம். பொய் என்று உங்களை நான் ஏசப்போவதில்லை. ஆனால் நீலமாக்கினால் அது எந்த ஊர் வாவி? கழிவுநீரோடு வரும் நைட்ரஜனையும் பொஸ்பரசையும் தின்று பாசி வளர்வதால் வந்த பச்சை அது. அந்த மணத்தை மூக்கில் வாங்கிக்கொண்டு கரையில் குடியிருக்கிறவர்கள் உங்கள் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஏழு மணிக்குப் பச்சை வந்தால் பச்சையாகவே எடுங்கள். கூழைக்கடா ஒன்று வெள்ளையாக வந்து இறங்கினால் அதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. அப்போது மட்டும் ஷட்டரை வேகப்படுத்த மறக்காதீர்கள். என்னிடம் ஷட்டரை இருபது செக்கன் திறந்துவிட்டு எடுத்த கூழைக்கடாக்கள் உண்டு, துவைத்துப் போட்ட தலையணை உறைகள் மாதிரி.

ட்ரைபொட்டை விரித்தால் காவலாளி யாராவது வந்து கேட்பார். சிரித்துப் பதில் சொல்லுங்கள், அநேகமாகப் போய்விடுவார். போர் முடிந்த 2009க்கு முன், வாவிப் பக்கத்து விமானப்படைத் தலைமையகத்துக்குக் கிட்ட, அதுவும் விடியாத நேரத்தில், கமராவோடு நிற்பதை நான் நினைத்தும் பார்த்ததில்லை. அடையாள அட்டையை நீட்டி நீட்டி அந்தத் தெருவைக் கடந்தால் போதும் என்றிருந்தது. அதனாலோ என்னவோ, படம் சரிவராத நாட்களிலும் எனக்கு அங்கே நிற்பதில் அலுப்பு வருவதில்லை.

அடுத்த ஞாயிறு போனால் படத்தை அனுப்புங்கள். சரிவராவிட்டாலும் அனுப்புங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற விபரத்தோடு.